நோயாளி ஒத்துழைக்கவில்லை: ஐதராபாத்தில் ஆறு நாள்

ஐதராபாத் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் ஸ்கேன் சென்டரில் ஆளாளுக்குப் பிரியாணி கேட்டார்கள். திருநெல்வேலிக்கு வந்து சேர்வதற்குள் ஊசிப்போகும் என்றேன். வரவேற்பில் இருக்கிற பெண் முத்துக்கம்மல் கேட்டாள். அங்கே யார் வீட்டில் தங்குவாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தம்பி பெண்டாட்டி வனஜாவின் வீட்டில்தான். தம்பி கணேசன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பியவள், அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஓடுகிற ரத்தத்தைப் படம் பிடித்து, அது குழாயின் சுவரை எந்த இடத்தில் எவ்வளவு விசையோடு உரசுகிறது என்று கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு அங்கே ஐந்து நாள் பயிற்சி. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று எங்கள் டாக்டரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். உன்னை விட்டால் இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சில் ஒரு சுற்றுப் பெருத்திருப்பேன். அன்றைக்கு அது கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செகந்திராபாத்தில் இறங்கினேன். ஆட்டோக்காரரிடம் மாரெட்பள்ளி என்றேன். ஈஸ்டா, வெஸ்டா என்றார். தெரியாது என்று சொல்ல என் வாய் கூசியது; ஈஸ்ட் என்று ஒரு போடு போட்டேன். வனஜா வீடு வெஸ்டில். ஸ்கூட்டர்களும் பள்ளிக்கூடங்களுமாக ஒரே மாதிரி இருந்த தெருக்களில் அரை மணி நேரம் சுற்றினோம். அவர் இந்தியில் திட்டிய திட்டில் பாதிதான் எனக்குப் புரிந்தது. அதுவே போதும் போலிருந்தது. இறங்கும்போது பையில் என்ன இப்படி மணக்கிறது என்று கேட்டார். அல்வா என்று ஒரு துண்டு வாழையிலையில் வைத்துக் கொடுத்தேன். கோபம் போய்விட்டது.

வனஜாவின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். கணேசன் கம்ப்யூட்டர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே அவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். எங்கள் ஊரில் என்னை மதினி என்பார்கள். அவளுக்கு நான் அண்ணி. கதவைத் திறந்ததும், "கைக்கு அண்ணி இவ்வளவு சாமான்? ஆறு நாளுக்கா, ஆறு மாசத்துக்கா?" என்று சிரித்தாள். கைக்கு என்றால் இந்த ஊர் இந்தியில் எதற்கு. இளைத்திருந்தாள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, தன் அப்பா விட்டுப்போன இந்த வீட்டில் மகளோடு இருக்கிறாள். மகள் தாரிணிக்கு, வீட்டில் தாரு, பதினொரு வயது. நான் தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள். பதில் இந்தியில் வரும், கொஞ்சம் தெலுங்கும் கலந்து. முகம் மட்டும் அச்சு அசல் கணேசன். சோற்றைப் பிசையும்போது இடது கையைத் தொடையில் ஊன்றிக்கொள்கிறாளே, அதுகூட அவன்தான். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. இந்த ஊர் வழக்கப்படி பருப்பு அதிகம், மேலே நெய்.

சாப்பிட்டு முடித்ததும் வனஜா ஒரு ஃபைலைக் கொண்டுவந்தாள். தாருவின் எக்கோ ரிப்போர்ட். இருதயத்திலிருந்து பெரிய ரத்தக் குழாய் கிளம்புகிற வாசலில் மூன்று இதழ் இருக்க வேண்டும். கணேசனுக்கு இரண்டு. இவளுக்கும் இரண்டு. இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறதாம்.

ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எங்க அண்ணி எடுக்கறது? இவ அவங்கப்பா பொண்ணு. அவராலயே படுக்க முடியல" என்று ஃபைலின் அடியிலிருந்து இன்னொரு தாளை உருவி நீட்டினாள். எங்கள் சென்டரில் கணேசனுக்குக் கொடுத்த தாள். கடைசி வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது. நோயாளி ஒத்துழைக்காததால் ரத்த ஓட்டப் பதிவு எடுக்கப்படவில்லை.

அந்த வரியை அடித்தவள் நான்.

எங்கள் தொழிலில் அந்த வரி ரெடிமேடாக இருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் வந்து விழும். ரத்த ஓட்டப் பதிவு பட்டியலில் கடைசியாக வரும், நேரம் பிடிக்கும், அதற்குள் உள்ளே இருப்பவருக்குப் பொறுமை போயிருக்கும், வெளியே அடுத்தவர் காத்திருப்பார். முடியவில்லை என்றால் விட்டுவிட்டு அந்த வரியைப் போட்டுவிடுவோம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கணேசன் அந்த வருஷக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். நம்ம அக்கா மெஷின் இருக்கும்போது ஐதராபாத்தில் ஏன் எடுக்க வேண்டும் என்று என்னிடமே வந்தான். நாற்பது நிமிஷம் அசையாமல் கிடந்தான். அப்புறம் மைக்கில், "எக்கா, போதும்க்கா, முதுகு கடுக்கு, வெளிய எடு" என்றான். சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது கெஞ்சுகிற அதே குரல். வேறொருவராக இருந்தால் அதட்டியிருப்பேன்; என் அதட்டலுக்கு எங்கள் சென்டரில் பேரே உண்டு. தம்பி என்பதால் சிரித்துக்கொண்டே வெளியே எடுத்தேன். மணி இரண்டாகப் போகிறது, கேன்டீன் மூடிவிடுவான், எனக்கும் பசித்தது. அதையும் சொல்ல வேண்டும்.

குழாயின் அகலம் கத்தி வைக்க வேண்டிய அளவுக்குச் சில மில்லிமீட்டர் குறைவு. ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் ஆபீசுக்குக் கிளம்பி வண்டியை எடுக்கும்போது விழுந்தான். குழாய் கிழிந்துவிட்டது.

"பொண்ணை நெனச்சாவது பத்து நிமிஷம் படுத்திருக்கலாம்ல?" என்றாள் வனஜா. நான் தாளை மடித்துக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிரயாண அலுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். வனஜா ஸ்கூட்டரில் மெட்ரோ வரை கொண்டுவிட்டாள். மெட்ரோவில் பக்கத்துப் பெண் போனில் தன் தங்கையிடம், மாமியார் ஃபிரிட்ஜைப் பூட்டி வைக்கிறாள் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அளவுக்கு எல்லா மொழியும் எல்லோருக்கும் புரியும். ஆஸ்பத்திரி கேன்டீனில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, நம் ஊர்த் தேங்காய்ச் சட்னிக்கு ஈடாகாது என்று பக்கத்தில் இருந்த விஜயவாடா டெக்னீஷியனிடம் சண்டைக்குப் போனேன். சிரிப்பாகத்தான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பிரசாத் சார். டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவர். தெலுங்கு வாடையடிக்கும் இங்கிலீஷில் நிதானமாகப் பேசுவார். முதல் நாளே நான் வகையாக ஒரு தப்புச் செய்தேன். ரத்தம் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று மெஷினுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் குறைத்துச் சொல்லிவிட்டேன். அதை மீறி ஓடிய ரத்தமெல்லாம் படத்தில் பின்னோக்கி ஓடுவதாக வந்தது. எல்லோரும் செய்கிற தப்புத்தான் என்று பிரசாத் சார் சொன்னார். பத்தொன்பது வருஷ சர்வீஸ் என்று பீற்றிக்கொண்டிருந்தவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஒரு நோயாளியை வைத்துப் பழகினோம். ராமச்சந்திராபுரம் பெரிய தொழிற்சாலையில் டர்பைன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணேசனுக்கு இருந்த அதே இரண்டு இதழ் வாசல். அவர் எங்களுக்கே பாடம் எடுத்தார். குழாய் வளைகிற இடத்தில் தண்ணீர் ஒரே பக்கமாக மோதினால் அந்தப் பக்கத்து இரும்புதான் முதலில் தேயும், சுற்றளவை அளந்தால் அது தெரியவே தெரியாது என்று தெலுங்கில் சொன்னார். பிரசாத் சார் மொழிபெயர்த்தார். உள்ளே போனவர் ஒரு மணி நேரம் விரலைக்கூட அசைக்கவில்லை. முடிந்ததா, நான் தூங்கிவிட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தார்.

பிறகு படம் வந்தது. கறுப்புத் திரையில் ரத்தம் கோடு கோடாக, நீலமும் மஞ்சளுமாக ஓடியது. வாசலைத் தாண்டியதும் ஒருபக்கமாகச் சாய்ந்து, வலது பக்கச் சுவரில் பீய்ச்சி அடித்தது. மோதுகிற இடம் மட்டும் சிவப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதே இடம். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கணேசனுக்கும் இப்படி ஒரு இடம் இருந்திருக்கும். அவன் இரண்டு மாடி ஏறியிருப்பான், மகளைத் தூக்கியிருப்பான், என்னோடு போனில் சிரித்திருப்பான்; அத்தனை நேரமும் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கும். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை வகுப்பு முடிந்தபிறகு பிரசாத் சாரைத் தனியாகப் பிடித்தேன். எங்கள் ஊர் நோயாளி ஒருவர் என்று ஆரம்பித்தேன். அகலத்தை மட்டும் பார்த்து அனுப்பினோம், ஓட்டத்தைப் பதிவு செய்யவில்லை. செய்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் படத்தை மட்டும் வைத்து எந்த சர்ஜனும் நெஞ்சைத் திறக்க மாட்டார், இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவரே, ஆனால் சுவரில் இவ்வளவு விசை என்று தெரிந்திருந்தால் ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதத்தில் வரச்சொல்லியிருப்பார்கள், நான் டாக்டராக இருந்தால் அப்படித்தான் செய்வேன் என்றார். ஆறு மாதம். அவன் போனது ஒன்பதாம் மாதம். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

நீதான் காரணம் என்று அவர் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். உன்மேல் தப்பே இல்லை என்றிருந்தாலும் அழுது தீர்த்திருப்பேன். இரண்டும் இல்லாமல் நடுரோட்டில் நின்றேன். வந்த பஸ்ஸில் ஏறினேன். போர்டு முழுக்கத் தெலுங்கு. எனக்கு அந்த எழுத்தெல்லாம் ஜிலேபி. ஜன்னலுக்கு வெளியே கடைகள் போய், கம்பெனி மதில்களும் லாரிகளும் வந்தபிறகுதான் தப்பான பஸ் என்று உறைத்தது. மல்லாபூர் என்கிற இடமாம். ஷிஃப்ட் விட்டு ஜனங்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண், டிபன் தூக்கோடு வந்தவள், நான் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப்போனாள். ஒரு டீயும் வாங்கித் தந்தாள். நம் ஊர் டீயைவிட இனிப்பு, கெட்டி. தெலுங்கும் இந்தியுமாக விசாரித்தாள். தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றேன். தம்பி தேடிக்கொண்டிருப்பான், போன் பண்ணிச் சொல் என்றாள். சரி என்று போனை எடுத்துக் காதில் வைத்து, "வந்துக்கிட்டே இருக்கேம்ல, கணேசா" என்றேன். அந்தப் பக்கம் யாருமில்லை. அவள் திருப்தியாக என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஆட்டோவில் அழுதேன்.

வியாழனும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சான்றிதழ் கொடுத்தார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள், பிரியாணி போட்டார்கள். அன்று சாயங்காலம் வனஜா என் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை நம்ம அவருக்கு எடுத்திருந்தா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் தாரு ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா வாயிலிருந்து அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வதை அன்றுதான் கவனித்தேன். தன் அப்பா பயந்தாங்கொள்ளி, தானும் அப்படித்தான் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டியிருந்தது. நான் அடித்த ஒரு வரி இவளையும் அந்த மெஷினுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். எனக்குச் சாயங்காலம் ரயில். வனஜா தரையில் பேப்பரை விரித்துப் புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இங்கே கோங்கூரா என்பார்கள். துவையல் அரைத்து எனக்குக் கொடுத்துவிட. நானும் உட்கார்ந்து இரண்டு கட்டு ஆய்ந்தேன். பிறகு சொன்னேன்.

"வனஜா, அந்த ரிப்போர்ட்ல எழுதியிருக்கது பொய். அவன் போதும்க்கான்னு கேட்டான், அவ்வளவுதான். படுலேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா படுத்திருப்பான். நான் போடல. எனக்கும் பசிச்சுது. வெளிய எடுத்துட்டு, அவன் ஒத்துழைக்கலன்னு நான்தான் அடிச்சேன்."

அவள் கை நிற்கவில்லை. இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி இருந்துச்சு?"

"பன்னெண்டு."

பிரசாத் சார் சொன்ன இரண்டையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்ல ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்ப எடுத்திருந்தாலும் இருந்திருப்பாரா, மாட்டாரா?"

"தெரியாது வனஜா. யாருக்கும் தெரியாது."

"ரெண்டு வருஷமா தினம் அவரைத் திட்டறேன் அண்ணி" என்றாள். "எங்களை விட்டுட்டுப் போயிட்டியே, பத்து நிமிஷம் முடியலையான்னு. திட்டித் திட்டித்தான் எழுந்து வேலைக்குப் போனேன். இனிமே எப்படிப் போறது?"

என்னைத் திட்டு என்றேன். தலையை ஆட்டினாள். "நக்கோ, வேணாம். கோவம் வரும்போது திட்டறேன். இப்ப வரல." அப்புறம்தான் அழுதாள். கீரைமேல் குனிந்து, சத்தமில்லாமல். கிட்டே போகலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரென்றால் கட்டிக்கொண்டு அழுதிருப்போம். அவளைத் தொடுகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். "இவகிட்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க. அப்பாவால முடியலன்னு இவகிட்ட நான்தான் சொல்லி வச்சிருக்கேன்." பள்ளிக்கூடம் அரை நாள், தாரு சீருடையோடு வந்து எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

பெரியவர்களிடம் சொல்வது இதைவிட எளிது. ஒங்கப்பா பயப்படவில்லை, நாற்பது நிமிஷம் ஆடாமல் அசையாமல் கிடந்தான், முதுகு வலிக்கிறது என்று ஒரு தடவை கேட்டான், அத்தைதான் வெளியே எடுத்துவிட்டேன், தப்பு அத்தை மேல் என்று சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் அம்மாவைப் பார்த்தாள். வனஜா, "ஹவ், நிஜம்தான்" என்றாள்.

தாரு இந்தியில் ஏதோ கேட்டாள். வனஜா எனக்குத் திருப்பிச் சொன்னாள்: "அவ உள்ள படுத்திருக்கும்போது வெளிய எடுங்கன்னா எடுப்பீங்களான்னு கேக்கறா."

"மூச்சு முட்டினா எடுப்பேன். முதுகு வலிக்குன்னா எடுக்க மாட்டேன்."

"அழுதா?" இதை வனஜாவே கேட்டாள், மகளுக்காக.

"அழுதா உள்ள வந்து காலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எடுக்க மாட்டேன்."

வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரைப் பரீட்சை லீவுக்கு ஊருக்கு வருகிறோம், அங்கேயே எடுத்துவிடலாம் என்றாள். தாருவும் சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து மெதுவாக இன்னும் ஒன்று சொன்னாள். வனஜா அதைத் தமிழில் சொல்லவில்லை. விடுங்கண்ணி, சின்னப் பிள்ளை என்றாள்.

அந்த அளவு இந்தி எனக்கும் தெரியும். அப்பாவிடமும் இப்படியே சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டாள்.

"சொல்லியிருக்கலாம்ட்டி" என்றேன்.